ஐந்தே நிமிடத்தில் நிறுவலாம்

வழிகாட்டியின் முதல் வரி இப்படி இருந்தது: "வாருங்கள், ஐந்தே நிமிடத்தில் நிறுவிவிடலாம். சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும்." மெய்ப்பு அக்கா அதைத் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் படித்தாள். புதன்கிழமை மதியம் ஆகியும் அந்தச் சின்னக் குழந்தையை அவளால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. ஓர் அச்சகத்தில் பத்தொன்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவள். அச்சகத்தை இழுத்து மூடியதும் இந்தக் கம்பெனியின் உதவிப் பிரிவுக்கு வந்து சேர்ந்திருந்தாள். வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை. கம்பெனி விற்பது ஒரு ஃபிரேம்வொர்க். இணையத்தில் கடையோ நூலகமோ பள்ளிக்கூடமோ கட்ட நினைக்கிறவனுக்குத் தூணும் உத்தரமும் முன்கூட்டியே நட்டுக் கொடுத்துவிடுவார்கள். அவன் சுவரை எழுப்பிச் சாயம் பூசினால் போதும் என்று விளம்பரம் சொன்னது. அதை உருவாக்கியவருக்குக் கம்பெனி கொடுத்த பதவி தலைமைப் பொறியாளர். தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டது தலைமைச் சிற்பி. அறைக் கதவில் இரண்டாவதுதான் பெரிய எழுத்தில் இருந்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம். புதிதாகச் சேருகிறவர் கணக்கெழுத வந்தவரானாலும் சரி, வாசலில் வருகைப் பதிவு பார்க்க வந்தவரானாலும் சரி, முதல் வாரத்துக்குள் தன் கணினியில் அந்த ஃபிரேம்வொர்க்கைத் தானே நிறுவ வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு படிவம் வரும். "வழிகாட்டியின்படி ஐந்து நிமிடத்தில் நிறுவினேன்" என்று அதில் ஏற்கெனவே அச்சடித்திருக்கும். கீழே கையெழுத்துப் போட்டால் வேலை உறுதி. போடாவிட்டால் வந்த வழியே போகலாம்.

வழிகாட்டியின் எட்டுப் படிகளில் முதல் மூன்று வழவழவென்று போயின. இறக்கு, பிரி, கறுப்புத் திரையைத் திறந்து இந்தக் கட்டளையை அடி. இடைவெளி ஒன்றுகூடப் பிசகாமல் அடித்தாள். நான்காம் படியில் முட்டிக்கொண்டது. "பிறகு, வழக்கம்போல் அமைப்புக் கோப்பை இணைத்துக்கொள்ளவும்."

யாருடைய வழக்கம்? இன்றைக்குத்தான் இந்தப் பொருளை முதன்முதலாகத் தொடுகிறவளுக்கு அதில் என்ன வழக்கம் இருக்க முடியும்? எந்தக் கோப்பு, எங்கே இருக்கிறது, எதோடு இணைக்க வேண்டும்? மூச்! தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் கறுப்புத் திரை சிவப்புச் சிவப்பாக நாற்பது வரி கக்கியது. மூன்று நாளில் பதினேழு தடவை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். பதினேழு தடவையும் தன் மேல்தான் சந்தேகப்பட்டாள். அதுதான் பிற்பாடு அவளுக்கு ஆறவே ஆறாத விஷயம்.

எதிர் இருக்கைக் கண்ணாடிக்காரர் ஆறு வருடமாக அங்கே இருப்பவர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் ஒரு பென் டிரைவை மேசை மேல் தள்ளினார்.

"அக்கா, இதுல இருக்கறத அப்படியே காப்பி பண்ணிக்கோங்க. ரெண்டு நிமிஷம்."

"என்ன இருக்கு இதுல?"

"சாரோட ஃபோல்டர். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்னா எல்லாரும்தான்க்கா. நான், பக்கத்து சீட்காரங்க, கேஷியர், மேனேஜர். வழிகாட்டிய வச்சு எவனும் இன்ஸ்டால் பண்ணதில்ல."

சங்கதி இதுதான். சிற்பி தம் கணினியில் உட்கார்ந்து ஃபிரேம்வொர்க்கை எழுதியபோது, அமைப்புக் கோப்பு இருக்கும் இடத்தைத் தம் பெயரிட்ட கணக்கு, அதற்குள் தம் சொந்த ஃபோல்டர் என்று நிரந்தரமாகவே எழுதி வைத்துவிட்டார். உலகத்தில் எந்தக் கணினியில் நிறுவினாலும் அந்த மென்பொருள் முதலில் சிற்பியின் ஃபோல்டரைத் தேடும், இல்லையென்றால் படுத்துக்கொள்ளும். அவருடைய கணினியில் அது எப்போதும் இருந்ததால் அவருக்கு ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. மற்றவர்கள் அதைச் சொல்லித் திருத்தச் சொல்வதற்குப் பதிலாக, ஆளுக்கொரு கணக்கை அவர் பெயரில் திறந்து அவருடைய ஃபோல்டரை உள்ளே கொட்டிக்கொண்டார்கள். இப்படியாக அந்தக் கட்டடத்தில் அறுபத்திரண்டு கணினி இருந்தது. அறுபத்திரண்டும் சிற்பியின் கணினியாக வேஷம் போட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஃபோல்டரில் அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவும் கிடந்தது. ஆகவே சிற்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது ஊழியர் அத்தனை பேருக்கும் தெரியும். கூட்டங்களில் பிஸ்கட் தட்டு அவர் பக்கம் போகாமல் யாராவது நாசூக்காக நகர்த்திவிடுவார்கள். அதைத் தம் மேலுள்ள மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இதைக் கேட்டு மெய்ப்பு அக்காவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு உதவிப் பிரிவின் கடிதப் பெட்டியைத் திறந்தாள். சிரிப்பு அங்கேயே நின்றது. "நிறுவ முடியவில்லை" என்று இருநூற்றுப் பதினான்கு கடிதங்கள். அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் அத்தனைக்கும் ஒரே பதிலை ஒட்டியிருந்தார்கள்: "வழிகாட்டியைக் கவனமாகப் படிக்கவும். தவறு தங்கள் பக்கம் இருக்கக்கூடும்." ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் தெருவிலுள்ள படிப்பகத்தின் புத்தகங்களை இணையத்தில் ஏற்ற ஆசைப்பட்டவர், அந்தப் பதிலுக்கும் பணிவாகப் பதில் போட்டிருந்தார். நான்கு முறை கவனமாகப் படித்துவிட்டாராம், வயதாகிவிட்டதால் புரிய மறுக்கிறதாம், தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டுமாம்.

மன்னிப்பா? இவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்? அக்காவுக்குக் காது மடல் சுட்டது. வெள்ளிக்கிழமை அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், திங்கட்கிழமையிலிருந்து இந்தப் பொய்யை அவள் கையால்தான் ஒட்ட வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். கையெழுத்துத்தானே, போட்டுவிட்டு வேலையைப் பார் என்று சொல்வார் என எதிர்பார்த்தாள். மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கை இருக்கும் வருடம். அப்படிச் சொன்னாலும் குற்றமில்லை. அவர் துண்டால் தட்டைத் துடைத்தபடி, "லிஃப்ட் நடுவுல நின்னுச்சுன்னா உள்ள இருக்கறவங்களப் பாத்து, உங்களுக்கு ஏறத் தெரியலன்னு நான் சொன்னா அடிக்க மாட்டாங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு, வேலை போனால் என்ன செய்வது என்று அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அது அடுப்பங்கரை முழுக்க இருந்தது.

வியாழக்கிழமை அவள் பென் டிரைவைத் தொடவில்லை. சிவப்பு வரிகள் நாற்பதையும் அச்செடுத்து அளவுகோலை வைத்து வரி வரியாகப் படித்தாள். முப்பத்தொன்றாவது வரி ஒரு கோப்பின் பெயரைச் சொன்னது. அதைத் திறந்து படித்துக்கொண்டே போனதில் மதியம் இரண்டு மணிக்குச் சிற்பியின் திருநாமம் அகப்பட்டது. அந்த ஒரு வரியைத் திருத்தி, ஃபிரேம்வொர்க் நிறுவப்பட்ட இடத்திலேயே கோப்பைத் தேடும்படி செய்தாள். சிவப்பு மறைந்து வரவேற்புப் பக்கம் வந்து நின்றது. நடந்ததை எண்ணி எழுதினாள். மொத்தம் பன்னிரண்டு படி. "வழக்கம்போல்" எங்கும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மாதக் கூட்டம். சிற்பி எழுந்து, எளிமை என்பது ஒரு தவம் என்றும், தம் வழிகாட்டி அதன் கனி என்றும் கால் மணி நேரம் பேசினார். ஏதாவது சந்தேகம் உண்டா என்று வழக்கப்படி கேட்டுவிட்டு, வழக்கப்படி உட்காரப் போனார்.

"சார், புது மெஷின் ஒண்ணு பிரிக்காம இருக்கு. நான் வழிகாட்டிய வாசிக்கறேன். நீங்க அதுல போட்டுக் காமிக்கறீங்களா?"

சிற்பி புன்னகைத்தார். யானைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வந்த எலியைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவள் வாசித்தாள், அவர் அடித்தார். மூன்று படி முடிந்தது. நான்காவதை அவள் வாசித்ததும் அவர் விரல்கள் தாமாகவே வேறெதையோ அடிக்கத் தொடங்கின.

"சார், அது இதுல எழுதலயே."

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்மா."

"எனக்குத் தெரியாது சார். கடிதம் எழுதுன இருநூத்திப் பதினாலு பேருக்கும் தெரியாது. எழுதுனத மட்டும் செய்யுங்க."

அவர் எழுதியதை மட்டும் செய்தார். பெரிய திரையில், அறுபத்திரண்டு பேர் முன்னிலையில், நாற்பது சிவப்பு வரி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, மெஷின் சரியில்லை என்றார். நெட்வொர்க் மந்தம் என்றார். இந்தக் காலத்து விசைப்பலகை என்றார்.

அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். வழிகாட்டியை வைத்து நிறுவிய ஒருவர், ஒரே ஒருவர், கை தூக்குங்கள் என்று கேட்டாள். கை எழவில்லை. மேனேஜர் கூரையை ஆராய்ந்தார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி. சிற்பியின் மேல் வந்ததைவிட அதிகக் கோபம் அவளுக்கு அந்தக் கண்ணாடியின் மேல் வந்தது. ஒரு பெரிய மனிதர் தவறு செய்யலாம். அதை ஆறு வருடம் தாங்கிப் பிடிக்க அறுபத்திரண்டு தோள் வேண்டியிருக்கிறதே.

பணியாளர் பிரிவு மேடம் படிவத்தோடு வந்தார். அக்கா அச்சடித்த வரியை ஒரே கோடாக அடித்துவிட்டு, "நிறுவினேன். நான்கு நாள் ஆயிற்று. வழிகாட்டியின்படி யாராலும் முடியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இப்படி எழுத இதுல இடமே இல்லையேம்மா" என்றார் மேடம், நிஜமான வருத்தத்துடன்.

"அதான் மேடம் ஓரத்துல எழுதிருக்கேன்."

மூன்று மணிக்குச் சிற்பியின் அறையிலிருந்து இரண்டு செய்தி வந்தது. முதலாவது, மனப்பான்மை சரியில்லாத காரணத்தால் அவள் வேலை உறுதி செய்யப்படவில்லை, முடிவு திங்கட்கிழமை. இரண்டாவது, வழிகாட்டி மேலும் எளிமையாக்கப்பட்டிருக்கிறது. அதை உதவிப் பிரிவு உடனே எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்ப வேண்டும். திறந்து பார்த்தாள். எட்டுப் படியும் அப்படியே இருந்தன. தலையில் புதிதாக ஒன்று ஏறியிருந்தது: "முதற்படிக்கு முன்: தங்கள் கணினியில் தலைமைச் சிற்பி அவர்களின் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கவும்."

அவள் அதை மூன்று முறை படித்தாள். எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

ஒரு வரியைத் திருத்த மனம் வராமல் ஊர் உலகத்தையே தன் பெயருக்கு மாறச் சொல்கிறார் மனுஷன். இதை அனுப்பினால் வேலை ஒருவேளை தங்கும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தான் எழுதிய பன்னிரண்டு படியையும், திருத்திய அந்தக் கோப்பையும் இணைத்தாள். மேலே எழுதினாள்: "தவறு உங்களுடையது அல்ல. எங்கள் வழிகாட்டி தவறு. முன்பு வேறு மாதிரிப் பதில் எழுதியதற்கு நாங்கள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்." கீழே தன் பெயரைப் போட்டாள். இருநூற்றுப் பதினான்கு முகவரி. சிற்பிக்கும் ஒரு நகல். அனுப்பிவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து தன் சாமான்களை எடுத்து வைத்தாள்; சாப்பாட்டு டப்பா, சால்வை, கைக்கண்ணாடி. ஐந்து நாளில் அவ்வளவுதான் சேர்ந்திருந்தது.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார் கண்ணாடிக்காரர், சன்னமாக.

"வேற யாராவது பண்ணிருந்தா நான் ஏன் பண்ணப் போறேன்?"

இருபது நிமிடம் கழித்துச் சிற்பியின் அறைக் கதவு படாரென்று திறந்தது. அவள் பெயர் நடைகூடம் முழுக்கக் கேட்டது. அதே நேரம் திரையில் முதல் பதில் வந்து விழுந்தது, அந்த ஆசிரியரிடமிருந்து: "அம்மா, பக்கம் வந்துவிட்டது. அப்படியானால் நான் சரியாகத்தான் படித்திருக்கிறேன்."

மறுபடியும் கூப்பிட்டார்கள். அவள் அந்த இரண்டு வரியையும் நிதானமாக இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் எழுந்தாள்.