போட்டோ இல்லாதவர்கள்

மன்னார்குடியில் ஜெகபர் அலி பாயின் அச்சகத்தில் சாமிதுரைக்குப் படம் போடுகிற வேலை. மூக்குப்பொடி டப்பாவுக்கு லேபிள், ஊதுபத்திக் கட்டுக்கு மயில், ஜவுளிக்கடைப் பைக்குச் சிரிக்கிற பெண். கும்பகோணத்து ஓவியப் பள்ளியில் படித்துத் தேறியவன். அப்பா பண்ணையாளாகவே இருந்து செத்துப்போனவர். அம்மா ராமாயி இன்னும் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர்கள் வம்சத்தில் நிழலில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் சாமிதுரைதான். ஆனால் பாய் கொடுத்த சம்பளம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினால்தான் மாதக்கடைசி வரை வந்தது. ஆகவே அவன் வெளிவேலை பிடிக்க ஆரம்பித்தான்.

ஆட்சி மாறிப் புதுசு. ஊருக்கு ஊர் கொடிமேடை, வரவேற்பு வளைவு, தட்டி. சூரியனுக்கு எத்தனை கதிர் போடுவது என்று கட்சிக்காரர்களே அவனிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். டூரிங் டாக்கீஸுக்கு விளம்பர ஸ்லைடு எழுதினான். கல்யாணப் பத்திரிகைக்குக் குத்துவிளக்கு வரைந்தான். புதுநெல் ரகமும் யூரியாவும் வந்த சமயம். உரக்கடைச் சுவர்களில் ஆள் உயரத்துக்கு நெற்கதிர் எழுதினான். எல்லாவற்றையும்விட நன்றாக ஓடிய வெளிவேலை ஒன்று உண்டு. அதை அவனே கண்டுபிடித்தான்.

உயிரோடு இருக்கும்போது ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாமல் செத்துப்போனவர்கள் அந்தப் பக்கத்தில் ஏராளம். வீட்டுக்காரர்களை உட்காரவைத்து, “மூக்கு உங்க மாதிரியா, தம்பி மாதிரியா? சிரிச்சா கன்னத்துல குழி விழுமா?” என்று கேட்டுக் கேட்டு வரைந்து கொடுப்பான். படத்தைப் பார்த்ததும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். அந்த அழுகைதான் அவனுக்கு விளம்பரம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு விடுமுறை. அன்று அவன் வீட்டு வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள். இப்படியே போனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் சொந்தமாக ஒரு கடை போட்டுவிடலாம் என்று அவனுக்கு நம்பிக்கை வந்தது.

ஒரு நாள் சங்கத்து ஆட்கள் வந்தார்கள். விவசாயத் தொழிலாளர்களுக்காக வேம்படித் தெருவில் போட்டிருந்த கொட்டகைக்குப் பெயர்ப்பலகை வேண்டுமாம். சாமிதுரை தூரிகைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். அங்கே சங்கத்துக்குப் பொறுப்பு ரெத்தினம். முப்பது வயதிருக்கும். இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாகப் பிரிந்திருக்கும். சிரித்தால் முன்பல் ஒன்று மற்றதன்மேல் லேசாக ஏறி நிற்பது தெரியும். பலகை முடிகிறவரை ரெத்தினம் எதிரில் குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

“நம்ம சனத்துப் புள்ள கையில இம்புட்டு வித்தையா!” என்றான். “அம்சம், தம்பிக்குச் சோறு போடு. வெறும் வயித்தோட அனுப்பாத.”

அவன் மனைவி அம்சம் நண்டுக் குழம்பு ஊற்றினாள். சாமிதுரை அவளை அண்ணி என்று கூப்பிட்டான். கூலி என்று எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் சம்பா அறுப்பில் தகராறு வந்தது. கூலியை உயர்த்தாமல் அறுப்பில்லை என்று சங்கம் நின்றது. மிராசுதார் தியாகேசன் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். வரப்பில் கைகலப்பு, ஒருவனுக்குக் கை முறிந்தது, ஒரு வைக்கோல்போர் எரிந்தது. யார் வைத்த நெருப்பு என்று யாருக்கும் தெரியாது. வழக்கில் முதல் பெயர் ரெத்தினத்தினுடையது. அவன் தலைமறைவானான்.

அடுத்த வெள்ளிக்கிழமை தியாகேசனின் காரியஸ்தர் சிங்காரவேலு சாமிதுரை வீட்டு வாசலில் வந்து நின்றார். அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

“உரக்கம்பெனி ஏஜென்சி நம்ம ஐயாவுக்கு வந்துருக்குப்பா. தாலுகா பூரா கடைக்குத் தகரப் போர்டு எழுதணும். உன் பேரைத்தான் சொன்னேன்.”

“ரொம்ப சந்தோஷம் ஐயா. சொல்லுங்க, எப்ப ஆரம்பிக்கணும்?”

“ஆரம்பிக்கலாம். அதுக்கு முந்தி ஒரு சின்ன வேலை. அந்த ரெத்தினம் பயல நீ பாத்துருக்கியாமே. அவன் போட்டோ எங்கயும் கெடைக்கல. மூஞ்சிய ஒரு தாள்ல போட்டுக் குடு.”

சாமிதுரை கையிலிருந்த தூரிகையைத் துடைக்க ஆரம்பித்தான்.

“போலீசுக்கு இல்லப்பா. வக்கீல் கேக்குறாரு. கோர்ட்டுல சாட்சிக்காரன் அடையாளம் சொல்லணும்ல? அதுக்குத்தான்.”

அது பொய் என்று சாமிதுரைக்குத் தெரியுமா? தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள அவன் விரும்பவில்லை. தாலுகா முழுக்கப் போர்டு என்றால் கடை. கடை என்றால் அம்மா சேற்றிலிருந்து கரையேறலாம். சிங்காரவேலு டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லித் தெருமுனைக்குப் போனார்.

சாமிதுரை தாளை விரித்தான். மாற்றி வரைந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். முகத்தை அகலப்படுத்தினான், புருவத்தை ஒட்டவைத்தான், மூக்கைச் சப்பையாக்கினான். யாரோ ஒருவன் தாளிலிருந்து பார்த்தான். யார் கேட்கப்போகிறார்கள்? காரியஸ்தரே ரெத்தினத்தை நேருக்கு நேர் நிமிர்ந்து பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். அதையே கொடுத்திருக்கலாம்.

ஆனால் அந்தப் படம் அவனை உறுத்தியது. உயிரில்லாத வேலை. அவன் பெயரில் அப்படி ஒரு படம் வெளியே போனதில்லை. புருவத்தை மட்டும் சரிசெய்வோம் என்று ரப்பரை எடுத்தான். புருவம் சரியானதும் கண் தப்பாகத் தெரிந்தது. கண்ணைத் திருத்தியதும் தாடை. அப்புறம் கை அவனைக் கேட்கவில்லை. சிங்காரவேலு திரும்பி வந்தபோது ரெத்தினம் தாளில் உட்கார்ந்து, பலகை எழுதுகிறவனை வேடிக்கை பார்க்கிற அதே பார்வையோடு சிரித்துக்கொண்டிருந்தான். முன்பல் மற்றதன்மேல் ஏறி நின்றது.

“அடேயப்பா” என்றார் சிங்காரவேலு.

அந்த ஒரு சொல் சாமிதுரைக்கு இனித்தது. பிற்பாடு அவன் அதிகம் வெட்கப்பட்டது அதற்காகத்தான்.

சில நாளில் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடைகளிலும் துண்டறிக்கை ஒட்டியிருந்தது. தஞ்சாவூரில் படத்தை உலோகத்தகட்டில் பிளாக் செய்து அச்சடித்தது. ‘தேடப்படும் நபர்’ என்று மேலே, படம், கீழே மிராசுதார்கள் சங்கத்தின் பெயர். ஜெகபர் அலி பாய் ஒன்றைக் கிழித்து வந்து சாமிதுரையின் மேஜையில் வைத்தார்.

“இது யாரு கைன்னு எனக்குத் தெரியாதாப்பா?”

“வக்கீலுக்குன்னு சொன்னாங்க பாய்.”

“வக்கீலுக்குச் சட்டம் வேணும். மூஞ்சி எதுக்கு?”

சாமிதுரை தலையைக் குனிந்துகொண்டான். பாய் தன் மேஜைக்குத் திரும்பிப் போனார். அன்றிலிருந்து அவனிடம் வேலை விஷயம் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. நின்ற பஸ்ஸிலிருந்து தண்ணீர் குடிக்க இறங்கினான் ரெத்தினம். தாடி வளர்த்திருந்தான், தலையில் துண்டு கட்டியிருந்தான். டீக்கடைக்காரர் சுவரைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். புருவம் காட்டிக்கொடுத்துவிட்டது. ரயில் வந்து கேட் திறப்பதற்குள் போலீஸ்காரர்கள் வந்து பிடித்துவிட்டார்கள்.

பிடித்தவர்கள் அவனை உடனே கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனபோது அவனால் நடக்க முடியவில்லை. பிறகு தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாமிதுரை ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போனான். போலீஸ்காரர் ஒருவர் வராந்தாவில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

ரெத்தினத்தின் வலது கால் முழுக்க மாவுக்கட்டு. அம்சம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“வா தம்பி” என்றாள். படம் போட்டது யார் என்று அவளுக்குத் தெரியாது. பழத்தை வாங்கி வைத்தாள்.

“அண்ணே…” என்று தொடங்கினான் சாமிதுரை.

ரெத்தினம் கூரையைப் பார்த்தபடியே பேசினான். “ஸ்டேஷன்ல அந்த நோட்டீஸ மூஞ்சிக்கு நேரா புடிச்சுக் காட்டுனானுவ. நான் என்னைய அப்புடிப் பாத்ததே இல்ல. வேற எவனுக்கு அந்தக் கை வரும்?”

அம்சம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வக்கீலுக்குன்னு சொல்லி ஏமாத்திட்டாங்கண்ணே.”

“சரி. ஏமாத்திட்டானுவ.” ரெத்தினம் முகத்தைத் திருப்பினான். “கொஞ்சம் மாத்தி வரைஞ்சுருக்கலாமேடா. ஒரு புருவம். யாருக்குத் தெரியப்போவுது?”

வரைந்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. முதலில் மாற்றித்தான் வரைந்தேன், பிறகு நானே திருத்தினேன் என்று எப்படிச் சொல்வது? அம்சம் எழுந்தாள். பழப்பையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். திட்டவில்லை. வாசல்வரை பின்னாலேயே வந்தாள், அவன் போய்விட்டானா என்று பார்க்கிறவள் மாதிரி.

வழக்கு நிற்கவில்லை. தகராறு நடந்த அன்று ரெத்தினம் அந்த ஊரிலேயே இல்லை என்று நிரூபணமாகி விடுதலையானான். ஆனால் கால் எலும்பு கூடவில்லை, கட்டையூன்றித்தான் நடந்தான். குடியிருப்பு மனைக்குப் பட்டா கொடுக்கும் சட்டம் வந்தபோது வேம்படித் தெருவுக்குப் பட்டா வாங்கித் தர அலைந்தவனும் அவன்தான். அந்தக் காலோடு தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்கினான்.

சாமிதுரை போர்டு வேலையை விட்டுவிடுவதென்று ஒரு வாரம் யோசித்தான். தகரம் வந்து இறங்கிவிட்டது. எழுதினான். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடையும் போட்டான். ராமாயி நடவுக்குப் போவதை நிறுத்தினாள். ஆனால் தெருவில் மற்றப் பெண்கள் அவளோடு குளத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று அவள் மகனைக் கேட்டதில்லை. செத்தவர்களுக்குப் படம் கேட்டு வருகிறவர்களிடம், “இப்பல்லாம் எழுத்து மட்டுந்தாங்க, முகம் எழுதுறதில்ல” என்று சொல்லி அனுப்பிவிடுவான்.

பல வருஷம் கழித்து ஒரு மாசிமாதக் காலையில் ரெத்தினம் போய்விட்ட சேதி வந்தது. சாமிதுரை சைக்கிளை எடுத்தான். வேம்படித் தெருவுக்குத் திரும்புகிற மதகு வரை போனான். பறையோசை கேட்டது, பந்தலுக்குக் கீழே கூட்டம் தெரிந்தது. தெரிந்தவர்கள் இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயில் ஏறுகிறவரை நின்றான். ஊர்வலம் கிளம்புகிற அரவம் கேட்டதும் திரும்பிவிட்டான்.

கடையில் பாதி எழுதிய உரக்கடைப் போர்டு கிடந்தது. மறுநாள் அதை வாங்கிப்போக லாரி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பச்சைப் பெயின்ட்டைக் கலக்கி, மீதி எழுத்தை எழுத உட்கார்ந்தான்.