மேஸ்திரி வீட்டுக்கு ஒரு கோடாரி

சபாபதி மேஸ்திரி வீட்டுக் கூடத்துத் தூண் துளிர்விட்ட ஆண்டு ரங்கூனில் அரிசி விலை சற்று ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் விலை பழையபடியே இருந்தது. லான்மடாவில் மேஸ்திரி புதிதாகக் கட்டிய மாடி வீடு அது. குடிபுகுந்த முதல் மழைக்காலத்திலேயே, இழைத்து மெருகெண்ணெய் பூசிய தேக்குத் தூணில் முறம் போல இரண்டு இலைகள் வந்தன. மேஸ்திரியின் மனைவி சொர்ணம்மாள் அவற்றைக் கிள்ளி எடுத்து, வாழை இலைக்குப் பதிலாக அன்று அதிலேயே சோறு பரிமாறினாள். தேக்கந்தளிரைக் கிள்ளியதால் அவள் விரல்கள் சிவந்தன. புளி போட்டுக் கழுவியும் போகவில்லை. மறுநாள் காலை இன்னும் நான்கு இலைகள் வந்தன. தெருவில் இதைப் பேசிக்கொண்டார்கள்தான். ஆனால் அந்த வாரம் டிராம் வண்டி ஒன்று மாட்டு வண்டியில் மோதியதைத்தான் அதிகம் பேசினார்கள்.

இரண்டு தெரு தள்ளி, இனாயத்துல்லாவின் இரும்புக்கடையை ஒட்டிய சாய்ப்பில் கோடாரிகளுக்குப் பிடி போட்டு விற்றுக்கொண்டிருந்த நீலாம்பாளுக்கு மட்டும் இதில் ஆச்சரியம் இல்லை. அவள் அந்தத் தூணை அறிவாள். அது காட்டில் மரமாக நின்றபோது, அதை வெட்டிச் சாய்க்க முடியாமல்தான் அவள் புருஷன் வடிவேல் செத்தான்.

புது ரயில்பாதைக்காகக் காடு திருத்தப் போன கூட்டத்தில் வடிவேலும் ஒருவன். ஆள் பிடித்தவர் சபாபதி மேஸ்திரி. அரிசி, கருவாடு, தார்ப்பாய், கோடாரி எல்லாம் அவர் பொறுப்பு. புறப்படும் நாளில் அலோன் படகுத்துறையில் கோடாரிகள் குவிந்து கிடந்தன. பிடிகளுக்குச் சிவப்புச் சாயம் அடித்திருந்ததால் எல்லாரும் அவற்றைச் சீமைச் சரக்கென்று நம்பினார்கள். வடிவேல் குவியலைக் கிளறி, இருப்பதிலேயே சிவப்பானதை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டு, "எப்படி இருக்கேன்?" என்று நீலாம்பாளைக் கேட்டான். "கோடாரி மாப்பிள்ளையாட்டம் இருக்கு. நீங்க தோழனாட்டம் இருக்கீங்க" என்றாள் அவள். பக்கத்தில் நின்ற அவன் கூட்டாளி அய்யாசாமி படகில் ஏறிய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தான். நீலாம்பாளும் வடிவேலும் சேர்ந்து சிரித்த கடைசி விஷயம் அந்தக் கோடாரிதான்.

காட்டில் கூடாரக் கம்பு நடுவதற்கும், நனைந்த கட்டையைப் பிளந்து உள்ளே காய்ந்த வயிரத்தை எடுத்து நெருப்பு மூட்டுவதற்கும், போன வழியே திரும்பி வருவதற்கும் கோடாரிதான் வேண்டும். மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. ஓடை இரண்டாகப் பிரிந்து அவர்கள் தங்கியிருந்த மேட்டைச் சுற்றி வளைத்தது. கரையோரம் ஓங்கி நின்ற ஒரு தேக்கை வெட்டிக் குறுக்கே சாய்த்தால் அதுவே பாலம். வெட்டினார்கள். முதலில் பிடிகள் ஒடிந்தன. பிறகு, வெறும் தலையைக் கையில் பிடித்துக் குத்தியபோது அலகுகளும் சில்லுச் சில்லாக உடைந்து மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. நெருப்பு இல்லை, குளிர்காய்ச்சல் ஒவ்வொருவராகக் கொண்டுபோனது. அய்யாசாமி மட்டும் வெள்ளத்தில் வந்த ஒரு காட்டு வாழையைக் கட்டிக்கொண்டு கரை சேர்ந்தான். மடியில் வடிவேலின் கோடாரித் தலையைக் கட்டியிருந்தான். ஒரு முனை உடைந்த தலை.

பெண்கள் மேஸ்திரி வாசலில் போய் நின்றார்கள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "கோடாரி பிடிக்கத் தெரியாத பசங்க. தெரியாதவன் கையில எதைக் குடுத்தாலும் ஒடியத்தான் செய்யும்" என்றார். மற்றவர்கள் அழுதார்கள். நீலாம்பாள் அழவில்லை. அந்த வார்த்தையை அவர் சொன்ன குரலிலேயே மனதில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மிச்சமிருந்த சிவப்புக் கோடாரிகளில் கொஞ்சத்தை மேஸ்திரி சந்தையில் தள்ளிவிட்டிருந்தார். அவள் ஒன்றை வாங்கி வந்து, பிடியின் ஒரு பக்கத்தை உடைந்த கண்ணாடியால் சுரண்டினாள். சாயத்துக்குக் கீழே மரத்தின் ரேகை குறுக்கே ஓடியது. ஒரு விரிசலை மக்குப் பூசி அடைத்திருந்தார்கள். இனாயத்துல்லாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சாயம் போடாத வெள்ளைப் பிடிதான் மேஸ்திரிக்கு முதல்ல காமிச்சேன், தங்கச்சி. காட்டுக்குப் போற ஆளுங்க, இதைக் குடுங்கன்னேன். விலை கூடன்னுட்டார். கழிச்சுப் போட்ட பழசை அள்ளிக்கிட்டுப் போயி அவரே சாயம் அடிச்சுக்கிட்டார்."

பின்வந்த வருஷங்களில் நீலாம்பாள் அந்தக் கடையோரத்திலேயே உட்கார்ந்து, ஒடியாத கோடாரி எது என்பதைக் கற்றாள். பிடியின் அடிக்கட்டையைத் திருப்பிப் பார்த்தால் ரேகைகள் அலகு பார்க்கும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அது அடுப்புக்கு. அக்குளில் வைத்துக் கையை நீட்டினால் விரல் நுனி தலையைத் தொடும் நீளம் போதும். தலை கனமாக இருந்தால் முதல் நாள் வீரம், மூன்றாம் நாள் தோள்வலி. காட்டில் தனியாக இருப்பவன் நாளெல்லாம் வீசக்கூடிய கனம்தான் சரி. அரம் அலகில் பட்டும் படாமலும் பிடிக்க வேண்டும். வழுக்கினால் இரும்பு சில்லாகும், கடித்தால் மழுங்கும். ஆப்பு இறங்கிய பிறகு பிடியை எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாயம் அடித்த பிடியைத் தொடக்கூடாது. காட்டுக்குப் போகிற பர்மியர்களும் கரேன்களும் 'மா நீலா' என்று மரியாதையாகக் கூப்பிட்டு அவளிடம்தான் கோடாரி வாங்கினார்கள். அவள் போட்ட பிடி எதுவும் ஒடிந்ததாக யாரும் வந்து சொன்னதில்லை. சுரண்டிய இடத்தில் மறுபடியும் சாயம் தடவி, அந்தச் சிவப்புக் கோடாரியை மட்டும் சாய்ப்பின் உச்சி ஆணியில் மாட்டியிருந்தாள். கேட்பவர்களிடம், "அது ஒருத்தருக்காக வச்சிருக்கேன்" என்பாள்.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆகவே, பின்னால் வேறு ஆட்கள் போய் வெட்டிச் சாய்த்த அந்த மரம் புது ரயில்பாதை வழியாகவே இறங்கி அலோன் மரமில்லுக்கு வந்தது. மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்த அய்யாசாமி அதில் அறுப்பு வாளை ஓட்டினான்; வாளின் பற்கள் உடைந்தன. உள்ளே இரும்புச் சில்லுகள். ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக நீலாம்பாளிடம் வந்தான். "அண்ணி, அந்த மரந்தான்" என்றான். வடிவேலின் கோடாரித் தலையில் உடைந்திருந்த முனைக்கு அந்தச் சில்லு பல்லைப் போலப் பொருந்தியது. இரும்பு பாய்ந்த மரத்தை நல்ல விலைக்கு யாரும் கேட்கவில்லை; மலிவாகக் கிடைத்ததால் சபாபதி மேஸ்திரி தம் புது வீட்டுக்கு அதை வாங்கினார். கிரகப்பிரவேசத்துக்கு எல்லாரையும் போல நீலாம்பாளும் போனாள். சாப்பிடவில்லை. கூடத்துத் தூணில் பழைய வெட்டு ஒன்று மெழுகு பூசி மறைக்கப்பட்டிருந்ததைத் தடவிக் கண்டுபிடித்து, கட்டைவிரலால் அந்தச் சில்லை அதற்குள் அழுத்திவிட்டு வந்தாள்.

அதன் பிறகு துளிர்கள் நிற்கவில்லை. இரண்டாம் மழைக்காலத்தில் கிளைகள் மாடியைத் தாண்டின. படிக்கட்டில் அட்டைகள் ஏறின. வெயில் காயும் நாளிலும் கூடத்துக்குள் தூறல் இருந்தது. நகராட்சி ஆள் வந்து இது வீடுதான் என்று வரி கேட்டான். காட்டிலாகா ஆள் வந்து இது காடுதான் என்று மரம் வெட்டத் தடை போட்டான். இருவரும் வாசலில் சண்டையிட்டு, அட்டை கடிக்கவும் போய்விட்டார்கள். பர்மியப் பெண்கள் நாட் தெய்வம் குடியேறியிருக்கிறது என்று வாசலில் சிவப்புத் துணி சுற்றிய தேங்காயைக் கட்டினார்கள். சொர்ணம்மாள் இன்சீனில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனாள். மேஸ்திரியும் பின்னாலேயே போனார்; அங்கே அவர் படுத்த கட்டில் காலையில் துளிர்த்தது. மைத்துனன் கையெடுத்துக் கும்பிட்டு அவரைத் திருப்பி அனுப்பினான். சத்திரத்தில் படுத்தார், சத்திரத்துப் பெஞ்சு துளிர்த்தது. ஆகவே வீட்டுக்கே திரும்பி, கூடத்து நடுவில் தார்ப்பாய் கட்டி, காட்டில் தங்குகிறவர் போலத் தங்கினார். கொல்லையில் மீதமிருந்த சிவப்புக் கோடாரிகளை எடுத்து வெட்டினார். ஒவ்வொன்றாக ஒடிந்தன. கடைசியாக ஒடிந்ததன் தலை பறந்து அவர் முழங்காலைப் பிளந்தது.

நொண்டிக்கொண்டு அவர் லான்மடாக் கடைத்தெருவுக்கு வந்த நாளில் தலைமயிரில் சருகு இருந்தது. இனாயத்துல்லா கல்லாவிலிருந்தபடியே, "மேஸ்திரி, வீட்ல மான் கத்துதாமே?" என்றார்.

"மானில்ல பாய், குரங்கு. கோடாரி நல்லதா யார்கிட்ட கிடைக்கும்?"

இனாயத்துல்லா வாயால் சொல்லாமல் மோவாயால் காட்டினார். மேஸ்திரி சாய்ப்புக்கு வந்தார். "இந்தாம்மா, காட்டுக்கு ஒரு கோடாரி குடு."

"எந்தக் காட்டுக்குங்க?"

"வீட்டுக்குத்தான்."

நீலாம்பாள் எழுந்து நின்று, உச்சி ஆணியிலிருந்த சிவப்புக் கோடாரியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். கை பின்னுக்குப் போனது. "இது வேண்டாம்."

"ஏன்? நீங்க வாங்குன சரக்குதான். நீங்க அடிச்ச சாயந்தான்."

"யாரு நீ?"

"வடிவேல் பொஞ்சாதி."

மேஸ்திரி தெருவைப் பார்த்தார். இருட்டுவதற்குள் திரும்பாவிட்டால் வாசலைக் கொடி மூடிவிடும், மூடினால் வேறெங்காவது படுக்க வேண்டும், அங்கும் துளிர்க்கும். ஒரு கோடாரியாவது இல்லாமல் அவர் போக முடியாது. "சரி, அதையே குடு" என்று கையை நீட்டினார். இத்தனை வருஷம் அவள் காத்திருந்தது இந்தக் கைக்காகத்தான். பிடியில் அவர் விரல்கள் மூடியதைப் பார்த்தபோது மீதியையும் அவள் பார்த்தாள். நாளைக்குப் பிடி ஒடியும். இந்த வாரத்துக்குள் காடு அவரை மூடிவிடும். நெருப்பில்லாமல், குளிரில், வடிவேலைப் போலவே. அப்புறம்? அப்புறம் அவருக்கு ஒன்றுமில்லை. செத்தவர்களுக்கு எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. முடியாமல் கிடப்பது அவளுக்குத்தான்.

அவர் கையிலிருந்து சிவப்புக் கோடாரியைப் பிடுங்கிக்கொண்டாள். தான் போட்ட பிடிகளிலேயே நல்லதை எடுத்தாள். ரேகை நேராக ஓடியது, எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. அவர் கை நீளத்தை அளந்து பார்த்து, அலகைத் தீட்டி நீட்டினாள். அன்றைக்கு இனாயத்துல்லாவிடம் அவர் வேண்டாம் என்று சொன்ன விலையையே கேட்டாள். மேஸ்திரி எண்ணிக் கொடுத்தார். பிறகு பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், ஆப்பை அசைத்தார். எங்கும் குறை இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் முகம் வெளுத்தது.

"இதுல என்ன பண்ணி வச்சிருக்கே?"

"ஒன்னும் பண்ணல. உங்க ஆயுசுக்கும் ஒடியாது. பிடிக்கத் தெரியணும், அவ்வளவுதான்."

அன்று மாலை நீலாம்பாள் சிவப்புப் பிடியை உடைத்து அடுப்பில் வைத்து வெந்நீர் போட்டாள். நன்றாக எரிந்தது.

மேஸ்திரி வெட்டிக்கொண்டிருக்கிறார். காலையிலிருந்து வெட்டுவது இரவுக்குள் வளர்ந்துவிடுகிறது. முழங்கால் ஆறிவிட்டது, காய்ச்சல் வருவதில்லை, பாம்புகள் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போகின்றன. பிடி ஒடியவில்லை. அலகு மழுங்கும்போதெல்லாம் நொண்டி நொண்டிச் சாய்ப்புக்கு வருவார். நீலாம்பாள் தீட்டிக் கொடுப்பாள். இருவரும் மழையைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொள்வார்கள். வாசலில் விழுகிற கட்டைகளை ரொட்டிக்கடைக்காரர்களும் தேநீர்க்கடைக்காரர்களும் வண்டி வைத்து அள்ளிப் போகிறார்கள். அதனால் லான்மடாவில் விறகு விலை இறங்கியது, பிறகு ஏறவேயில்லை. விடிந்ததும் வெட்டுச் சத்தம் தொடங்கும். இனாயத்துல்லா அதைக் கேட்டுத்தான் கடை திறக்கிறார். சாய்ப்புக்குப் பின்னாலிருக்கும் அறையில் நீலாம்பாள் பாயில் எழுந்து உட்கார்ந்து, சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பாள். வரும். கூந்தலை முடிந்துகொண்டு, போய் அடுப்பைப் பற்றவைப்பாள்.