இடுப்பில் மாட்டிய கருவி

தொட்டி கழுவ இறங்கிய, நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் தொழிலாளி மயங்கி விழுந்த மறுநாள், அவன் இடுப்பில் மாட்டியிருந்த, விஷவாயு இருந்தால் அலறி எச்சரிக்கும் கருவி என் மேஜைக்கு வந்தது. ஆலையில் கருவிகளைப் பழுது பார்ப்பவள் நான்.

"தூக்கினப்ப இது அணைஞ்சு கிடந்துச்சு. ஆன் பண்ணாமலே இறங்கியிருக்கான், வேற என்ன?" என்றார் மேலாளர். "பாத்துட்டு ரெண்டு வரி எழுதிக் குடும்மா."

பொத்தானை அழுத்தினேன். எரிந்தது. பேட்டரி இரண்டும் மீட்டரில் முழு அளவு காட்டின. சோதனை வாயுவைக் காட்டியதும் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. போன வாரம் அவன் இதே கருவியோடு வந்து நின்றிருந்தான். "அக்கா, அப்பப்ப அணைஞ்சு போகுது. என்னை மாதிரியே, வேலைன்னா தூங்கிடுது" என்று சிரித்தான். எனக்குத் தலைக்கு மேல் வேலை. புது பேட்டரி போட்டு, எரிகிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

இப்போது உள்ளங்கையில் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. ஏணியில் இறங்குகிறவன் குனிவதுபோலச் சாய்த்துத் தட்டினேன். பொட்டென்று அணைந்தது. நிமிர்த்தியும் எரியவில்லை, பொத்தானை அழுத்திய பிறகுதான் உயிர் வந்தது. மூடியைத் திறந்து பேட்டரி தொடும் தகடுகளைத் துடைத்தேன். மறுபடி சாய்த்துத் தட்டினால் அப்படியேதான். இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று, அழுத்தினால் திரும்ப எழவில்லை, சப்பையாகக் கிடந்தது. சாய்த்தால் பேட்டரி மயிரிழை விலகுகிறது. அந்த இடத்தில் செம்புத் தகட்டை மடித்துச் செருகிப் பத்துத் தடவை தட்டினேன். அணையவே இல்லை.

எல்லாவற்றையும் எழுதினேன், போன வாரம் நடந்ததையும் சேர்த்து.

மேலாளர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "ஸ்பிரிங் கோளாறை எழுதினது சரி. அவன் வந்து சொன்னதை எதுக்கு எழுதுற? உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியா?"

"அதை விட்டா, அவன் சொல்லவே இல்லன்னு ஆயிடும் சார்."

மாலையில் மருத்துவமனைக்குப் போனேன். அவன் கண் திறக்கவில்லை. வராந்தாவில் அவன் மனைவி எழுந்து வந்தாள். "அவர் ஆன் பண்ணலன்னு சொல்றாங்களே, நிஜமாக்கா?"

"கருவியிலதாம்மா கோளாறு. போன வாரமே வந்து சொன்னான். நான்தான் சரியா பாக்கல."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. "நீங்க போங்க" என்றாள், அவ்வளவுதான்.

நான்காம் நாள் கண் விழித்தான். பேச்சு குழறுகிறது, தேற மாதங்கள் ஆகுமாம். அவன் மேல் தவறில்லை என்று ஆலை எழுதிக் கொடுத்தது. என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். நாளைக்குப் போய் அவனைப் பார்க்கலாம் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.