அறுபது பாட்டில் தக்காளி

ஸ்பானர் வீட்டில் தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள், ஸ்பானர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவது உத்தமம். அவர் மூடிய குழாயை அவரைத் தவிர வேறு யாராலும் திறக்க முடியாது. முப்பத்திரண்டு வருஷம் லாரிச் சக்கரத்துக்கு போல்ட் முடுக்கிய கை. ஆளுக்கு ஓய்வு கிடைத்ததே தவிர, அந்தத் தகவலைக் கைக்கு யாரும் சொல்லவில்லை. தைல பாட்டில், டார்ச் லைட், ஆட்டுக் கொட்டகைத் தாழ்ப்பாள் என்று எது கிடைத்தாலும் ஒரு முடுக்கு முடுக்கித்தான் விடுவார். அவருடைய நிஜப் பெயர் அவர் கல்யாணப் பத்திரிகையில் இருக்கலாம். தெருவுக்கு அவர் ஸ்பானர், மனைவி ஸ்பானர் வீட்டம்மா.

வீட்டம்மாவுக்கு உயிர் கொல்லைத் தோட்டத்தில். தக்காளி, பீன்ஸ், மிளகாய், ஓரமாக இரண்டு ஆடு, ஆறு கோழி. ஸ்பானருக்கு உயிர் தெருவில் நிற்கும் ஒரு பழைய லாரியில். அது கடைசியாக எப்போது ஓடியது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். வெயிலில் அதற்குப் பெயின்ட் உரிகிறதாம். தோட்டம் இருக்கும் இடத்தில் ஒரு ஷெட் போட்டால் லாரி சுகமாக இருக்குமாம்.

போன கோடையில் அவருக்கு வாய்ப்பாக ஒன்று நடந்தது. தக்காளி மொத்தமும் ஒரே வாரத்தில் பழுத்துத் தொலைத்தது. அம்மா ஒருத்தியாக அள்ளி முடிப்பதற்குள் எட்டுக் கூடை அழுகிப்போனது. ஆட்டுக்குப் போட்டால் ஆடே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஈக்கும் எறும்புக்கும் சமைச்சுப் போடத்தான் தோட்டம் வெச்சிருக்கியா?" என்று ஸ்பானர் கேட்டார். அந்தக் கேள்வி அம்மாவின் நெஞ்சில் ஒரு வருஷம் முழுக்கக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்தக் கோடையில் காய் நிறம் மாறத் தொடங்கியதுமே அவள் நாத்தனாரை வரவழைத்தாள். ஸ்பானரின் அக்கா, கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவர். நீதிபதிகள் பேசியதையெல்லாம் தட்டச்சு செய்து செய்து, தானே தீர்ப்பு சொன்னதாக நினைக்கும் பழக்கம் வந்துவிட்டவர்.

"அண்ணி, நீங்கதான் சாட்சி. இந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள அறுபது பாட்டில் தக்காளி, மூடி இறுகி, அலமாரியில இருக்கும். ஒண்ணு குறைஞ்சாலும் உங்க தம்பி ஷெட்டு போட்டுக்கட்டும். இருந்துச்சுன்னா, இனிமே இந்த வீட்டுல ஷெட்டுங்கிற பேச்சே வரக் கூடாது."

"பதிவு செஞ்சாச்சு," என்றார் அக்கா.

செவ்வாய்க்கிழமைக்குள் இருபத்துநான்கு பாட்டில் முடிந்தது. விடியும் முன் எழுந்து தண்ணீர் விட்டு, ஆட்டைக் கறந்து, வெயில் ஏறுவதற்குள் பறித்து, பழத்தை வெந்நீரில் முக்கித் தோலுரித்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டுக் கொதிக்கவிட்டு, பாட்டிலில் ஊற்றி, மூடி போட்டு, அண்டாத் தண்ணீரில் முழுக முக்கால் மணி நேரம் வேகவைப்பது. எடுத்து ஆறவிட்டால் மூடியின் நடுப்பகுதி 'டப்' என்று உள்ளே இறங்கும். இறங்கினால் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை. இறங்காவிட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

புதன்கிழமை காலை ஆட்டுத் தொட்டியோரம் சேற்றில் கால் வழுக்கி, அம்மா வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு போனது. மாவுக்கட்டோடு திரும்பியவளைப் பார்க்கத் தெருவே வந்தது. முதல் ஆளாக வந்தது பக்கத்து வீட்டு போஸ்ட்மாஸ்டரம்மாதான். கையைப் பார்த்த நேரத்தைவிட அலமாரியைப் பார்த்த நேரம் அதிகம்.

"பந்தயத்தைத் தள்ளிவெச்சுக்கலாம்மா," என்றார் ஸ்பானர், பெருந்தன்மையாக. "கை சரியாகட்டும்."

"என் கைக்கு டாக்டர் லீவு குடுத்திருக்காரு. தக்காளிக்குக் குடுத்தாரா?"

"அப்போ யாரு செய்வா?"

"நீங்கதான்."

ஸ்பானர் லாரி நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதைத் தெருவும் பார்த்தது. தோற்பதற்காக உழைக்கப் புறப்பட்ட ஆளை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை.

வியாழக்கிழமை முழுக்க அவர் பறித்தார், உரித்தார், அண்டாவைத் தூக்கினார். தகரக் கூரைக்குக் கீழே அடுப்படி கொல்லன் பட்டறை மாதிரி கொதித்தது. மாவுக்கட்டுக்குள் வியர்த்து அரித்தது. அம்மா அதற்குள் துடைப்பக் குச்சியை விட்டுச் சொறிந்துகொண்டே அதிகாரம் செய்தாள். ஆட்டைக் கறக்கப் போனவள், இடது கையால் கறக்க வராமல் ஆடு உதைத்ததைப் பொருட்படுத்தாமல் மறுபடியும் உட்கார்ந்தாள். கறந்து, புல் அறுத்துப் போட்டு, ஒற்றைக் கையால் தோட்டத்துக்கும் தண்ணீர் விட்டு அவள் திரும்பி வருவதற்குள் இரண்டு தடவை அண்டா ஏறி இறங்கி, பதினேழு பாட்டில்கள் மேஜையில் வரிசையாக நின்றன.

சாயங்காலம்வரை ஒரு 'டப்' கூடக் கேட்கவில்லை. மூடிகள் உள்ளே இறங்குவதற்குப் பதில், தலையில் அடிபட்ட மாதிரி புடைத்துக் கோணிக்கொண்டிருந்தன. பதினெட்டாவது பாட்டில் அண்டாவிலேயே அடி கழன்று போயிருந்தது.

போஸ்ட்மாஸ்டரம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, தப்பா நினைக்காத. லாரிக்கு ஷெட்டு வேணும்னா ஆம்பளைங்க எது வேணும்னாலும் செய்வாங்க. நான் ஒண்ணும் சொல்லலை."

ஒன்றும் சொல்லாமல் அவள் போன பிறகு, சொன்னது மட்டும் அங்கேயே நின்றது. அம்மா பாட்டிலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவர் ஒரு கோணல் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, செத்த எஞ்சினைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சொட்டு ஒழுகாம முடுக்கினேனே," என்றார் பரிதாபமாக.

சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் எதிராளிக்குத் தெரியும்படி சிரித்துவிடுகிற மனுஷன். அவருக்கா சதி செய்ய வரும்? அம்மாவுக்குச் சந்தேகம் விலகி, விஷயம் புரிந்தது.

"எவ்வளவு முடுக்கினீங்க?"

"முழுசா."

"முழுசான்னா?"

"மூடி அதுக்கு மேல திரும்பலை. அப்புறம் இன்னும் ஒரு சுத்து."

அம்மா தலையில் அடித்துக்கொள்ளப் போய், அடிக்கிற கை மாவுக்கட்டில் இருப்பது நினைவு வந்து நிறுத்தினாள். "உள்ள இருக்கிற காத்து கொதிக்கும்போது வெளிய போகணுங்க. மூடி அதுக்குக் கொஞ்சம் வழி விடணும். காத்து போனாத்தான் ஆறும்போது மூடி தானா உள்ள இறங்கும். நீங்க காத்தை உள்ளயே வெச்சுப் பூட்டிட்டீங்க."

"லூசா விட்டா கழண்டு ஓடிடாதா?"

"ஓடுறதுக்கு இதுக்கென்ன நாலு சக்கரமா இருக்கு?"

அன்றே மிச்சமிருந்த பதினேழையும் திறந்து, பாத்திரத்தில் கொட்டிக் கொதிக்கவைத்து ஓரமாக வைத்தார்கள். திறக்க ஸ்பானராலேயே முடியாமல் நிஜ ஸ்பானர் வந்தது தனிக் கதை.

வெள்ளிக்கிழமை காலையில் அடுப்பை வேப்பமர நிழலுக்கு மாற்றினாள் அம்மா. முப்பத்தாறு பாட்டில் பாக்கி. ஸ்பானர் ஒரு மூடியை லூசாகப் போட்டார். அம்மாவால் அசைக்க முடியவில்லை. இரண்டே விரலால் போட்டார், அதுவும் அசையவில்லை. சுண்டுவிரலை மட்டும் வைத்து முயன்றபோது பாட்டில் நழுவப் பார்த்தது.

"விடுங்க," என்றாள் அம்மா. "நீங்க பாட்டிலைப் பிடிங்க."

அவர் பிடித்தார். அவள் இடது கையால் மூடியைத் திருகினாள். சோறு பிசையக்கூடத் தெரியாத கை. மூடி முட்டியதும் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு மயிரிழை திருப்ப அதற்குச் சக்தியில்லை. தேவையும் அவ்வளவுதான்.

ஆறிய முதல் பாட்டில் 'டப்' என்றது. ஸ்பானர் திடுக்கிட்டு, டயர் வெடித்ததோ என்று தெருவைப் பார்த்தார்.

அந்த இரண்டு நாளும் வேலை அப்படியே ஓடியது. அவர் பிடிக்க, அவள் திருக, அண்டா கொதிக்க. வெயிலில் கோழிகள் அலகைத் திறந்து கிடந்தன. அம்மாவின் இடது உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து, அதன்மேல் துணி சுற்றி மறுபடியும் திருகினாள். "கொஞ்சம் படுத்துக்கோயேன்" என்று ஸ்பானர் சொன்னதற்கு, "படுத்தா நீங்க மூடியைத் தொடுவீங்க" என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மூடியின் நடுவிலும் விரலை வைத்து அழுத்தினார். இறுகிய மூடி அசையாது; இறுகாதது 'டொக்' என்று பேசும். ஐம்பத்தொன்பது மூடிகள் வாயைத் திறக்கவில்லை. அறுபதாவது திறந்தது. டொக்.

வேலியோரம் போஸ்ட்மாஸ்டரம்மா மூச்சை இழுத்துக்கொண்டது உள்ளே கேட்டது.

"ஐம்பத்தொன்பது," என்றார் அக்கா.

"மணி என்ன அண்ணி?"

"பத்து இருபது."

"பன்னெண்டு மணின்னுதானே பதிவு செஞ்சீங்க? ஏங்க, அடுப்பைப் பத்தவைங்க."

சின்னப் பாத்திரம், புது மூடி, மறுபடியும் கொதி. முக்கால் மணி நேரமும் முடிந்து பாட்டில் வெளியே வந்தபோது பதினொன்று முப்பத்தைந்து. இனி அது ஆற வேண்டும். ஆனால் அந்த வெயிலில் எதுதான் ஆறும்? ஸ்பானர் சொம்பில் பச்சைத் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"ஊத்தினீங்கன்னா பாட்டில் ரெண்டாயிடும்!" என்று கத்தினாள் அம்மா.

வீட்டிலேயே குளிர்ந்த இடம் குளியலறை. ஒரு பலகையில் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் பாட்டிலை வைத்துவிட்டு, மூன்று பேரும் வாசலில் குந்தி உட்கார்ந்தார்கள். ஸ்பானர் செய்தித்தாளை மடித்து விசிற ஆரம்பித்தார். பதினொன்று நாற்பத்தைந்து. வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. கை மாற்றி விசிறினார். ஐம்பது. அம்மா மூடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஐம்பத்திநாலு.

டப்.

"இறங்கிடுச்சு!" ஸ்பானர் துள்ளி எழுந்து, குளியலறைக் கதவில் தலையை இடித்துக்கொண்டார். "இறங்கிடுச்சுடி! பாத்தியா, பாத்தியா!"

அக்கா உள்ளே போய் விரலால் அழுத்திப் பார்த்தார். மூடி பேசவில்லை. "அறுபது," என்றார். பிறகு, "டேய் தம்பி, தோத்தது நீடா."

ஸ்பானரின் கை தலையில் புடைத்த இடத்திலேயே நின்றது. "ஆமால்ல," என்றார் மெதுவாக.

"ஷெட்டு?" என்று கேட்டாள் அம்மா.

"எந்த ஷெட்டு?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாட்டிலை எடுக்கப் போனவரைத் துணி சுற்றிய கையால் தடுத்து, சுவரோரம் கிடந்த கூடையை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அது ஆறட்டும். பீன்ஸ் முத்திட்டு நிக்குது, வாங்க."