ஐந்து பொட்டலம்

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், நண்டு பிடிக்கப் போகலாம் என்று அப்பாதான் சொன்னார். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நேசையா, ஆயுசில் நண்டு பிடித்தவரல்ல. எப்சிக்கு அது அப்போதே உறைத்திருக்க வேண்டும். புருஷன் வீட்டிலிருந்து வந்து எட்டு மாதமாக அறைக்குள்ளேயே கிடக்கும் மகளுக்குக் கொஞ்சம் காற்றுப் படட்டும் என்று நினைக்கிறார் என எடுத்துக்கொண்டாள்.

பாளையங்கோட்டையிலிருந்து புறப்படுமுன் அம்மா ஜெபராணி வாழையிலையில் எலுமிச்சைச் சோறு கட்டினாள். ஐந்து பொட்டலம்.

“நாம மூணு பேரு, படகுக்காரர் ஒருத்தர். அஞ்சாவது யாருக்கும்மா?”

“தண்ணிக் காத்துக்குப் பசிக்கும்ட்டி. கூட ஒண்ணு இருந்துட்டுப் போகுது.”

புன்னைக்காயல் பக்கம், ஆறு கடலில் சேரும் இடம். படகுக்காரர் சுஜின் வளைய வலைகளின் நடுவில் மீன்தலையைக் கட்டி, ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போனார்.

“இழுக்கும்போது பைய இழுக்கணும். அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டே மேல வந்திரும்.”

எப்சி சிரித்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அலையாத்திக் காட்டைச் சுற்றியதும் சுஜின் இஞ்சினை அணைத்தார். உப்பளக் கரையில் ஒருவன், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் புருஷன் ஜெய்சன்.

“இங்கன ஒருத்தர ஏத்தணும்னு சார் சொன்னாவ,” என்றார் சுஜின்.

“அப்பா!”

“பேசத்தான வந்திருக்காவ, உக்காரும்மா. ஒந் தங்கச்சிக்கு வரன் வந்திருக்கு. அக்கா ஏன் இங்க இருக்கான்னு கேக்குதாவ. நான் என்ன சொல்லட்டும்?”

ஜெய்சன் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து ஏறினான். இஞ்சின் மறுபடி ஓடியது. சுற்றிலும் தண்ணீர்.

போட்ட வலைக்குத் திரும்பி வந்தார்கள். எப்சி கயிற்றை இழுத்தாள். பாதியில் நின்றது. இடது மணிக்கட்டு அவளுக்கு முழுதாக மடங்காது. அவன் கதவிடுக்கில் வைத்து நெரித்த கை. ஜெய்சன் எழுந்து அவள் பின்னால் நின்று கயிற்றை வாங்கினான். பெரிய சேற்று நண்டு ஒன்று மேலே வந்தது.

“ரெண்டு பேரும் சேந்து இழுத்தா எப்படி வருதுன்னு பாத்தியளா!” அம்மா கைதட்டினாள்.

சுஜின் நண்டின் முதுகை மிதித்துக்கொண்டு கொடுக்குகளைக் கட்டினார்.

மதியம் பொட்டலங்கள் கைமாறின. “ஜெபிச்சிட்டுச் சாப்பிடுவோம்,” என்றார் அப்பா.

சோற்றுக்கான ஜெபம் இரண்டு வரிதான். அன்றைக்கு நீண்டது.

“பிரிந்திருந்த பிள்ளைகளை இந்தத் தண்ணீரின்மேல் சேர்த்தீரே, ஸ்தோத்திரம். இன்றைக்கே இவர்கள் ஒரே வீட்டுக்குத் திரும்பக் கிருபை செய்யும்…”

எப்சி கண்ணைத் திறந்தாள். எதிரே அவன் தலைகுனிந்து கைகூப்பியிருந்தான். வேண்டாம் என்று தொண்டை வரை வந்தது. அவர்கள் வீட்டில் ஜெபத்துக்கு நடுவே யாரும் பேசியதில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்த அன்றுகூடக் காத்திருந்தார்கள். முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“…இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே.”

“ஆமென்.”

எல்லாரும் சொன்னார்கள். முப்பது வருடப் பழக்கத்தில் அவள் வாயும் சொன்னது.

அப்பா கண்ணைத் துடைத்தார். “நீயும் சொல்லிட்டியேம்மா. அது போதும்.”

“இல்லப்பா. நான் போமாட்டேன்.”

“கர்த்தருக்கு முன்னால சொன்ன ஆமென்.” அவர் பொட்டலத்தைப் பிரித்தார்.

அவள் திரும்பவும் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். யாரும் நிமிரவில்லை. ஜெய்சன் ஊறுகாய் கேட்டான். அம்மா எடுத்துக் கொடுத்தாள்.

கரைக்கு வந்தபோது ஜெய்சனின் காரை டிரைவர் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அப்பா தன் காரின் டிக்கியைத் திறந்தார். உள்ளே எப்சியின் நீலப் பெட்டி இருந்தது. அம்மா எப்போது துணி மடித்தாளோ. அப்பாவே அதைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் காரில் வைத்தார்.

சுஜின் வாளியோடு வந்தார். “நண்டு எந்த வண்டியில சார்?”

“மாப்ளை வண்டியில வையிங்க. எப்சி நல்லாக் குழம்பு வைப்பா.”