இரண்டாவது பொத்தான்

விடியும் முன்பே தகரத்தின் வாடை நாக்கில் ஏறிவிடும். எண்ணெய் தடவிய தகட்டை இடது கையால் அச்சுக்குள் தள்ள வேண்டும். வலது கையால் பொத்தானை அழுத்த வேண்டும். மேலச்சு விழும், தரை அதிரும், ஒரு டப்பா மூடி தெறித்து விழும். உடனே அடுத்த தகடு. வெளியே வெளுப்பதற்குள் அவள் தோள்பட்டை தன்னுடையதில்லை என்பதுபோல் மரத்துவிடும்.

அந்தப் பட்டறையில் அவளுக்குப் பெயர் கிடையாது. மூன்றாவது எந்திரத்தில் நிற்பதால் அவள் ‘மூணு’.

அந்த எந்திரத்தின் சூட்சுமம் எளிது. பக்கத்தில் கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று ஓயாமல் சுற்றும். மோட்டார் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஊட்ட, சக்கரம் அத்தனையையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். பொத்தான் அமுங்கியதும் சேர்த்த பலம் முழுவதையும் ஒரே அடியில் மேலச்சின் வழியே இறக்கிவிடும். பாதி வழியில் யாராலும் நிறுத்த முடியாது. அதனால்தான் அதைச் செய்தவர்கள் தோள் அகலத்துக்கு இரண்டு பொத்தான்கள் வைத்தார்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்காது. முகமறியாத யாரோ ஒருவர், முகமறியாத இன்னொருவரின் விரல்களுக்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

முதலாளிக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. வேலை சுணங்குகிறதாம். எல்லா எந்திரத்திலும் இடது பொத்தானின் பின்புறம் ஒரு துண்டுக் கம்பியை முறுக்கிவிடச் சொன்னார். பொத்தான் எப்போதும் அமுங்கியே இருப்பதாக எந்திரம் நம்பிவிடும். வலது கை அழுத்தினால் போதும். இடது கை தகடு தள்ளலாம்.

அப்படித் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அவள் தம்பியின் இடது கை போனது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். “கவனமில்லாத பய” என்று சொல்லி முதலாளி அவனை வேலையைவிட்டு நிறுத்தினார். அன்றிலிருந்து தம்பி சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறான்.

முதலாளியை மன்னிக்கும்படி கோயில் ஃபாதர் சொன்னார். “அந்தாளு வந்து கேக்கட்டும் ஃபாதர், அப்புறம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் ஜெபிக்காத நாளில்லை. ‘ஆண்டவரே, நீர் நீதியுள்ளவர்னா அந்தாளு கைய என் முன்னாடி கொண்டாந்து வையும்.’ இதைச் சொல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

அன்று காலை ஒரு தகடு அச்சுக்குள் கோணலாகச் சிக்கிக்கொண்டது. மோட்டாரை அணைத்து, சக்கரம் நிற்கும்வரை காத்திருந்துதான் எடுக்க வேண்டும். அவள் அணைக்கப் போனாள்.

“ஏ மூணு! எதுக்கு நிறுத்துற? மறுபடி வேகம் புடிக்கிறதுக்குள்ள பாதி வேலை போயிடும்.” முதலாளி விறுவிறுவென்று வந்தார். “நகரு. அக்காவும் தம்பியும் ஒரே அச்சுல வார்த்த சோம்பேறிங்க.”

சொல்லிக்கொண்டே மோதிரக் கையை அச்சுக்குள் விட்டார்.

அவள் வலது கை பழக்கத்தில் மறுபடி பொத்தானின் மேல் வந்து நின்றிருந்தது. இடது பொத்தானைக் கம்பி பார்த்துக்கொள்ளும். அவர் சொல்லி முறுக்கிய கம்பி.

கேட்டது கேட்டபடியே வந்திருக்கிறது. அழுத்தலாமா? யார் கேட்கப் போகிறார்கள்? கவனமில்லை என்று அவளும் சொல்லிவிடலாமே!

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பது தகடா, தம்பியின் கையா, முதலாளியின் கையா என்று அந்த அச்சு ஒருநாளும் கேட்டதில்லை. அழுத்தினால் விழும், அவ்வளவுதான். சட்டென்று அவளுக்கு உடம்பு கூசியது. கடவுளை இத்தனை நாளும் ஒரு எந்திரமாக இருக்கச் சொல்லியல்லவா மன்றாடியிருக்கிறாள்! அவருடைய நீதிக்கு முகம் தெரியும். தம்பியைத் தெரியும், இந்த ஆளைத் தெரியும். ஞானஸ்நானத்தில் பெயர் சொல்லி அழைத்த அவருக்கு அவளும் மூணு இல்லை. அப்படிப்பட்டவரின் பிள்ளை, அச்சுக்கு இன்னொரு உதிரிபாகமாக ஆவதா?

கையை எடுத்தாள். மோட்டாரை அணைத்தாள்.

“எவடி நிறுத்தச் சொன்னது?”

“கைய எடுக்காதீங்க மொதலாளி, அப்படியே நில்லுங்க. உங்க கை எங்க இருக்குன்னு பாருங்க. இப்ப என் கை எங்க இருந்துச்சுன்னும் யோசிங்க.”

அவர் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். கையை வெடுக்கென்று இழுத்த வேகத்தில் தகட்டு விளிம்பு புறங்கையைக் கீறியது. முகத்தில் ரத்தமே இல்லை.

“என்னைக் கொல்லப் பாத்தியா?”

“பாத்தேன். பொய் சொல்ல மாட்டேன். இனிமே பாக்க மாட்டேன். அதனால உங்களை விட்டுட்டேன்னு மட்டும் நெனைக்காதீங்க. ஆண்டவர் கையில விட்டிருக்கேன். அது என் கைய விடக் கனம்.”

திருப்புளியை எடுத்து இடது பொத்தானின் மூடியைக் கழற்றினாள். கம்பியை உருவிக் காலடியில் போட்டாள்.

பக்கத்து எந்திரக்காரருக்கு இந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டது. எல்லோரிடமும் கத்தியே பேசுவார். அதனால் பட்டறைக்கு அவர் ‘ஒலிபெருக்கி’. “என்ன தங்கச்சி, கம்பியப் புடுங்கிட்டியா?” என்று கத்தினார். அவள் தலையாட்டினாள். “இதச் செய்ய ஒரு ஆள் வரணும்னு காத்துக்கிட்டு இருந்தோம் பாரு, வெக்கங்கெட்டவங்க!” தன் மோட்டாரை அணைத்தார். அடுத்தது நின்றது. அதற்கடுத்ததும் நின்றது.

முதலாளி குரலைத் தணித்தார். “சரிம்மா. உன் மிஷின்ல ரெண்டு பொத்தானும் இருந்துட்டுப் போகட்டும். மத்தவங்க போய் வேலையப் பாருங்க.”

“எல்லா மிஷின்லயும்” என்றாள். “அப்புறம், ‘கம்பிய முறுக்கச் சொன்னது நான்தான்’னு என் தம்பிகிட்ட வந்து நீங்க உங்க வாயால சொல்லணும். அவன் கைக்கு ஆகற செலவும் உங்களுது.”

“வேற ஆளக் கூட்டிட்டு வருவேன்.”

“கூட்டியாங்க!” ஒலிபெருக்கி கத்தினார். “அவங்களுக்கும் பத்து விரல்தான் மொதலாளி. எண்ணிப் பாத்துட்டு எங்ககூட உக்காந்துக்குவாங்க.”

யாரோ சிரித்தார்கள். முதலாளி அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

எந்திரங்களுக்கு நடுவே ஒவ்வொருவராக வந்து தரையில் உட்காரத் தொடங்கினார்கள். அவள் கண்ணை மூடினாள். ‘ஆண்டவரே, அந்தாளு மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு. உமக்கும் இருக்குன்னு தெரிஞ்சதுல நிம்மதியா இருக்கேன்.’ நெஞ்சுக்குள் நாள்கணக்காக நடுங்கிக்கொண்டிருந்த ஒன்று அசையாமல் அமர்ந்தது.

மூடிகளை அடுக்கும் பெண் வந்து அவள் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். “எனக்கு உங்க சாமியெல்லாம் தெரியாதுக்கா. ஆனா அந்தாளு கதவத் திறக்கற வரைக்கும் இங்கேருந்து நான் எந்திரிக்கமாட்டேன்.”

“போதும்டி” என்றாள் அவள். “நல்லா நகந்து உக்காரு. இன்னும் ஆளுங்க வர்றாங்க.”