கடலைப் பார்க்கும் கிரேன்

கணினி என்பது கட்டளைக்குக் கீழ்ப்படியும் கருவி ஆகும். இவ்வுண்மையை எனது நாற்பத்தேழாம் அகவையில், 2002ஆம் ஆண்டில், விம்கோ நகரில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இயங்கிய கணினிப் பயிற்சி நிலையத்தில் கற்றேன். அதற்கு முன் இருபத்திரண்டு ஆண்டுகள் துறைமுகத்தில் கிரேனுக்குச் சைகை காட்டும் பணி செய்தேன்.

அங்கே படம் வரைந்தே நிரல் பயின்றோம். திரையின் நடுவே நிற்கும் சிறு முக்கோணத்திற்கு ஆமை என்று பெயர். முன்னே செல், வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு எனக் கட்டளையிட்டால், அது சென்ற வழியெல்லாம் கோடு விழும். நான் கிரேன் வரைந்தேன். அதன் நீண்ட கை கிழக்கே, கடலை நோக்கி நீள வேண்டும். அதுவோ மேற்கே நீண்டது.

"நைனா, உன் கிரேன் கப்பல வுட்டுட்டு ராயபுரத்துல பிரியாணி அண்டாவ தூக்கிகினு கீது!" என்றாள் பக்கத்து இருக்கை மாயா. வகுப்பே சிரித்தது.

பிழையின் காரணம் எனக்கு விளங்கியது. சைகை காட்டுபவன் ஓட்டுநரை எதிர்நோக்கி நிற்பவன். ஆகவே அவனது வலம் ஓட்டுநருக்கு இடம் ஆகும். என் கைகள் ஆமையையும் ஓட்டுநராகவே கருதி, ஒவ்வொரு திருப்பத்தையும் மாற்றி இட்டன.

நிலைய உரிமையாளர் உச்சிமாகாளி பதிவேட்டுடன் வந்தார். "வே லெச்சுமணன், மூணு வாரமா இதே கூத்துதான். சனிக்கிழமை படம் நேரா வரலேன்னா உம்ம பேரை டைப்பிங் வகுப்புல எழுதிருவேன். உம்ம வயசுக்கு அது போதும்வே."

"என் கையப் பாத்துதான் அண்ணாச்சி இருவது டன்னு எறங்கிச்சு. கை மாறாது. ஆமை மாறட்டும்."

"ஆமை எப்படிவே மாறும்?"

விடை பாடநூலின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. புதிய சொற்களை நாமே கணினிக்குக் கற்பிக்கலாம். ஆசிரியை ரெஜினா அப்பாடத்தை நடத்தியபோது மற்றவர்கள் பூ, வீடு ஆகிய சொற்களைக் கற்பித்தனர். நான் சனிக்கிழமையன்று இரண்டு சொற்களைக் கற்பித்தேன். 'இடம்' என்றால் வலப்பக்கம் திரும்பு. 'வலம்' என்றால் இடப்பக்கம் திரும்பு. பின்னர் என் கைகளின் பழக்கப்படியே கட்டளைகளை இட்டேன். கிரேனின் கை கிழக்கே நீண்டது.

"ஐய! நைனா மெசினையே திருப்பிட்டாருபா!" என்றாள் மாயா.

"இது களவுல்லா? வலத்தை இடம்னு சொன்னா செல்லுமா?" என்றார் உச்சிமாகாளி.

"சார், இதுக்குப் பேருதான் புரோகிராம்," என்றார் ரெஜினா.

"அடுத்தவன் வந்து உக்காந்தா குழம்புவாம்லா. அதை அழிச்சிட்டு ஒழுங்கா வரையும்வே. இல்லேன்னா டைப்பிங்தான்." பதிவேட்டில் என் பெயரை அடிக்க அவர் பேனாவைத் திறந்தார்.

"அழிக்க மாட்டேன். அது நான் சொல்லிக் குடுத்த வார்த்த."

நான் எழுந்து நின்றேன். வலக்கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, பக்கவாட்டில் வீசினேன். துறைமுகத்தில் அச்சைகைக்கு நிறுத்து என்று பொருள். எத்தனை டன் அந்தரத்தில் தொங்கினாலும் ஓட்டுநர் நிறுத்தியே ஆக வேண்டும்.

உச்சிமாகாளிக்கு அச்சைகை தெரியாது. ஆயினும் பேனா நின்றது. நிரல் வகுப்புப் பட்டியலில் நான்காவதாக என் பெயர் அப்படியே இருந்தது.